கெர்னலின் நெட்வொர்க் நிரலைச் செயல்பாட்டுச் சோதனை செய்வது எப்படி: நெல்லை மாணவர்களின் கேள்விகளும் பதில்களும்

திருநெல்வேலி, பாளையங்கோட்டை, தென்காசி, அம்பாசமுத்திரம் பகுதிகளில் கணினியியல் படித்துக்கொண்டே லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்குப் பங்களிக்க விரும்பும் மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சி மொழியும் டிசிபி/ஐபியின் அடிப்படையும் தெரிந்தவர்களை மனத்தில் வைத்தே பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

செயல்பாட்டுச் சோதனை என்பது என்ன? யூனிட் சோதனையிலிருந்து அது எங்கே வேறுபடுகிறது?

யூனிட் சோதனை ஒரு ஃபங்ஷனைத் தனியே பிரித்தெடுத்து, இந்த உள்ளீட்டுக்கு இந்த விடை வருகிறதா என்று பார்க்கிறது. கெர்னலில் இதற்கென 5.5 பதிப்பிலிருந்து கேயூனிட் என்ற சட்டகம் இருக்கிறது. செயல்பாட்டுச் சோதனையோ, கெர்னல் வெளியுலகுக்குக் கொடுத்திருக்கும் வாக்குறுதியைச் சோதிக்கிறது. சாக்கெட்டைத் திறந்த நிரலுக்கும், கம்பியின் மறுமுனையில் இருக்கும் கணினிக்கும், ரவுட்டிங் அட்டவணையை எழுதிய நிர்வாகிக்கும் கண்ணுக்குத் தெரியும் நடத்தை எதுவோ அதுதான் இங்கே சோதனைப் பொருள். சுத்தமல்லி அணைக்கட்டின் மதகு ஒழுங்காக ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பது ஒரு வேலை. திறந்துவிட்ட தண்ணீர் நெல்லைக் கால்வாய் வழியாக வந்து கடைமடை வயலில் பாய்ந்ததா என்று பார்ப்பது இன்னொரு வேலை. இரண்டும் தேவைதான். ஆனால் நெட்வொர்க் நிரலில் பெரும்பாலான பிழைகள் மதகுகளுக்கு இடையில்தான் ஒளிந்திருக்கின்றன என்பதால், இங்கே இரண்டாவது வேலையைப் பற்றியே பேசுகிறேன்.

என்னிடம் ஒரே ஒரு மடிக்கணினிதான் இருக்கிறது. ரவுட்டர், சர்வர், கிளையன்ட் எல்லாம் எங்கிருந்து வரும்?

நெட்வொர்க் நேம்ஸ்பேஸிலிருந்து வரும். 2008 ஜனவரியில் வெளியான 2.6.24 பதிப்பிலிருந்தே கெர்னல் இந்த வசதியைத் தருகிறது. ஒவ்வொரு நேம்ஸ்பேஸுக்கும் தனி இன்டர்ஃபேஸ்கள், தனி ரவுட்டிங் அட்டவணை, தனி ஃபயர்வால் விதிகள், தனி போர்ட் எண்கள் உண்டு. இரண்டு நேம்ஸ்பேஸ்களை இணைக்க வீத் என்ற இணைச் சாதனம் இருக்கிறது. அதன் ஒரு முனையில் நுழைவது மறுமுனையில் வெளிவரும்.

பயிற்சிக்கு மூன்று நேம்ஸ்பேஸ்களை உருவாக்கி, நெல்லை, ஆலங்குளம், தென்காசி என்று பெயரிடுங்கள். நெல்லைக்கும் தென்காசிக்கும் நேரடி இணைப்பு கிடையாது. எந்தப் பாக்கெட்டும் ஆலங்குளம் வழியாகத்தான் போக வேண்டும். இந்த ஒரு வரிசையிலேயே ரவுட்டிங், பாத் எம்டியு கண்டறிதல் (வழி முழுவதும் துண்டாகாமல் போகக்கூடிய மிகப்பெரிய பாக்கெட் அளவைக் கண்டறிதல்), ஐசிஎம்பி பிழைச் செய்திகள், முகவரி மாற்றம், ஃபயர்வால் ஆகிய அனைத்தையும் சோதித்துவிடலாம்.

தொடக்கத்தில் எல்லோரையும் தடுமாற வைக்கும் மூன்று செய்திகளைச் சொல்லிவிடுகிறேன். முதலாவது, புதிய நேம்ஸ்பேஸில் லூப்பேக் இன்டர்ஃபேஸ் கீழிறங்கிய நிலையில்தான் இருக்கும். அதை நீங்களே உயர்த்த வேண்டும். இரண்டாவது, இயல்புநிலையில் ஐபிவி4 அமைப்புகள் மூல நேம்ஸ்பேஸிலிருந்து வாரிசாக வரும், ஐபிவி6 அமைப்புகளோ கெர்னலின் இயல்பு மதிப்புக்குத் திரும்பிவிடும். ஆகவே, ஃபார்வர்டிங், திரும்பு பாதை வடிகட்டி (பாக்கெட் வந்த வழியே பதில் திரும்புமா என்று பார்க்கும் வடிகட்டி) போன்றவற்றைச் சோதனை நிரல் வெளிப்படையாக எழுதிவைக்காவிட்டால், உபுண்டு வைத்திருக்கும் நண்பரிடம் ஒரு முடிவும், வேறு விநியோகம் வைத்திருக்கும் உங்களிடம் வேறு முடிவும் வரக்கூடும். மூன்றாவது, நிலையான பெயர்களை வைத்துப் பழகிய பிறகு, உண்மையான சோதனையில் பெயரோடு ஒரு தற்செயல் எண்ணைச் சேருங்கள்; இல்லையெனில் இரண்டு சோதனைகள் ஒரே நேரத்தில் ஓடும்போது ஒன்றன் நெல்லையை மற்றொன்று அழித்துவிடும். கெர்னல் மரத்தில் (மூல நிரல் தொகுப்பில்) நெட்வொர்க் சோதனைகளுக்கான பொதுக் கோப்பில் இதற்கென்றே ஒரு துணைச் செயல் இருக்கிறது.

நேம்ஸ்பேஸ் மட்டும் போதுமா?

கட்டமைப்புக்குப் போதும், பாதுகாப்புக்குப் போதாது. எல்லா நேம்ஸ்பேஸ்களும் ஒரே கெர்னலில்தான் ஓடுகின்றன. நீங்கள் மாற்றி எழுதிய நிரல் தவறான நினைவகத்தைத் தொட்டால் மடிக்கணினி முழுவதும் உறைந்துவிடும். ஆகவே, மாற்றிய கெர்னலைக் கியூஇஎம்யு மெய்நிகர் கணினிக்குள் ஏற்றி, அதற்குள் நேம்ஸ்பேஸ்களை உருவாக்குவதே முறை. விர்ட்மீ-என்ஜி என்ற கருவி, உங்கள் கணினியின் கோப்பு அமைப்பையே பயன்படுத்திக்கொண்டு, தனி டிஸ்க் படிமம் எதுவும் தயாரிக்காமல் புதிய கெர்னலைச் சில விநாடிகளில் ஏற்றிக் கொடுக்கிறது. 8 ஜிபி நினைவகம் உள்ள மடிக்கணினியிலும் இது தாராளமாக ஓடும்.

கல்லூரி ஆய்வகத்தில் நாற்பது கணினிகள் ஏற்கெனவே இணைந்திருக்கின்றனவே, அங்கேயே சோதிக்கக் கூடாதா?

கூடாது. அங்கே ஓடும் மற்றவர்களின் பாக்கெட்டுகளையோ, ஸ்விட்ச்சின் அமைப்பையோ நீங்கள் கட்டுப்படுத்த முடியாது. கட்டுப்படுத்த முடியாத சூழலில் கிடைத்த தோல்வியை நாளை மீண்டும் வரவழைத்துக் காட்டவும் முடியாது. உங்கள் சோதனை தவறுதலாக அனுப்பும் ரவுட்டர் விளம்பரம் (‘நான்தான் ரவுட்டர்’ என்ற அறிவிப்பு) ஒன்று, பக்கத்து மேசையில் தேர்வு எழுதுபவரின் இணைப்பைத் துண்டித்துவிடவும் கூடும்.

சோதனையில் எந்த ஐபி முகவரிகளைப் பயன்படுத்துவது?

192.0.2.0/24, 198.51.100.0/24, 203.0.113.0/24 ஆகிய மூன்று தொகுதிகளும் ஆவணங்களுக்காகவும் எடுத்துக்காட்டுகளுக்காகவும் ஒதுக்கப்பட்டவை. ஆர்எஃப்சி 5737 இதைச் சொல்கிறது. இவை இணையத்தில் எவருக்கும் சொந்தமல்ல என்பதால், சோதனையிலிருந்து ஒரு பாக்கெட் தப்பி வெளியே போனாலும் யாருடைய சர்வரையும் சென்றடையாது.

வீத் வழியாக வென்ற நிரல் உண்மையான நெட்வொர்க் கார்டிலும் சரியாக ஓடுமா?

பல நேரங்களில் ஓடும். ஆனால் வீத் மறைத்துவிடும் இரண்டு இடங்களைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒன்று, செக்சம், அதாவது பாக்கெட் வழியில் கெட்டதா என்று காட்டும் சரிபார்ப்பு எண். ஒரே கணினிக்குள் நகரும் பாக்கெட் கெட்டுப்போக வழியில்லை என்பதால், வீத் வழியே போகும் டிசிபி பாக்கெட்டுக்குக் கெர்னல் வழக்கமாக முழுச் செக்சத்தைக் கணக்கிடுவதே இல்லை. பின்னால் யாரேனும் நிரப்பிக்கொள்ளலாம் என்று ஒரு குறிப்பை மட்டும் வைத்து அனுப்பிவிடுகிறது. நீங்கள் பாக்கெட்டின் தலைப்பகுதியை மாற்றிவிட்டுச் செக்சத்தைத் திருத்த மறந்திருந்தால், வீத் சோதனை அதைக் கண்டுகொள்ளாமல் தேர்ச்சி கொடுத்துவிடும். பாக்கெட்டுகளைப் பதிவுசெய்து காட்டும் டிசிபிடம்ப்பில் செக்சம் தவறு என்று வரும் எச்சரிக்கையைப் பார்த்துப் புதியவர்கள் பயப்படுவதற்கும் இதே ஏற்பாடுதான் காரணம்.

மற்றொன்று, துண்டாக்கம். எம்டியு 1500 என்று அமைத்திருந்தாலும், வீத் வழியே ஏறத்தாழ 64 கேபி வரையிலான ஒரே பெரும் பாக்கெட் போவதைக் காண்பீர்கள். அதைத் துண்டாக்கும் வேலை கார்டினுடையது என்று கெர்னல் தள்ளிப்போட்டிருக்கிறது. வீத்தில் அந்தக் கார்டே இல்லாததால் துண்டாக்கம் நடக்காமலே மறுமுனையை அடைந்துவிடுகிறது. எம்டியு 1500 ஆகவும் டைம்ஸ்டாம்ப் விருப்பம் இயங்குவதாகவும் இருந்தால் ஐபிவி4 டிசிபி துண்டு ஒன்றில் 1448 பைட் தரவு இருக்க வேண்டும் என்று சோதிக்க நினைத்தால், முதலில் இன்டர்ஃபேஸ் அமைப்பை மாற்றும் ஈத்டூல் கொண்டு, துண்டாக்கத்தைத் தள்ளிப்போடும் டிஎஸ்ஓ, ஜிஎஸ்ஓ வசதிகளையும் வந்த துண்டுகளை ஒட்டும் ஜிஆர்ஓ வசதியையும் அணைத்துவிட்டுப் பாருங்கள். பிறகு அவற்றை இயக்கிவிட்டும் அதே சோதனையை ஓட்டுங்கள். இரண்டு நிலையிலும் வெல்லாத சோதனையை நான் முடிந்ததாகக் கருதுவதில்லை.

ரவுட்டிங் சோதனை புரிகிறது. ஆனால் டிசிபியின் உள் நடத்தையை, அதாவது எப்போது மறுமுறை அனுப்புகிறது என்பதையெல்லாம், வெளியிலிருந்து எப்படிச் சோதிப்பது?

இதற்குத்தான் பாக்கெட்டிரில் என்ற கருவி பிறந்தது. கூகுளில் டிசிபியில் பணிபுரிந்த நீல் கார்ட்வெலும் அவருடைய சகாக்களும் 2013இல் அதை வெளியிட்டார்கள். ஒரு நாடகத்தின் வசனப் பிரதியைப் போலவே சோதனை எழுதப்படுகிறது: இந்த நொடியில் நிரல் சாக்கெட்டைத் திறக்கிறது, அடுத்து வெளியிலிருந்து இந்த சின் பாக்கெட் வருகிறது, அதற்குக் கெர்னல் இந்த விருப்பங்களோடு சின்-ஆக் அனுப்பியாக வேண்டும் என்று வரிக்கு வரி, நேரத்தோடு குறிப்பிடுகிறீர்கள். கருவி, டியூஎன் என்ற மெய்நிகர் நெட்வொர்க் சாதனத்தின் வழியாக எதிர்முனைக் கணினியாகத் தானே நடித்துக்கொண்டு, கெர்னல் அனுப்பியது எதிர்பார்த்ததுதானா, எதிர்பார்த்த நேரத்தில்தானா என்று ஒப்பிடுகிறது.

இதன் அருமை, மறுமுனையில் இன்னொரு முழு டிசிபியை வைத்துக்கொண்டு அது நமக்கு வேண்டியபடி தவறு செய்யும் என்று காத்திருக்க வேண்டியதில்லை என்பதில் இருக்கிறது. நான்கு பாக்கெட்டுகளில் முதலாவது மட்டும் தொலைந்தது, பின்னால் வந்த மூன்றுக்கும் இரட்டை ஒப்புகைகள் வந்தன, உடனே முதலாவது மறுமுறை அனுப்பப்பட்டதா என்ற கேள்வியை, பத்து வரிகளில், ஒவ்வொரு முறையும் அப்படியே நிகழும் வகையில் எழுதிவிடலாம். ஒப்புகையே வராத நிலையில் முதல் சின் 1 விநாடி கழித்து மறுபடி அனுப்பப்படுகிறதா என்பதையும் இவ்வாறே பார்க்கலாம். அந்த 1 விநாடி ஆர்எஃப்சி 6298 சொல்வது, அதற்கு முன்பு 3 விநாடி என்று இருந்தது. 2024இல் பாக்கெட்டிரில் சோதனைகள் கெர்னல் மரத்துக்குள்ளேயே சேர்க்கப்படத் தொடங்கின என்பதால், இன்று அவற்றைத் தனியே தேடிப் போக வேண்டியதில்லை.

என் சோதனை சில முறை வெல்கிறது, சில முறை தோற்கிறது. கெர்னலில் பிழையா, சோதனையில் பிழையா?

பெரும்பாலும் சோதனையில்தான். ஆனாலும் அப்படி முன்முடிவு செய்துகொண்டு மீண்டும் ஓட்டிப் பச்சை வந்ததும் விட்டுவிடாதீர்கள். நெட்வொர்க் நிரலில் பந்தய நிலைப் பிழைகள் (இரண்டு செயல்களில் எது முந்துகிறது என்பதைப் பொறுத்து வரும் பிழைகள்) உண்மையிலேயே இப்படித்தான் முகம் காட்டும். முதலில் கீழே சொல்லும் காரணங்களை ஒவ்வொன்றாக விலக்குங்கள்.

மிக அதிகமாகக் காணப்படுவது, சர்வரைப் பின்னணியில் தொடங்கிவிட்டு, ஒரு விநாடி உறங்கச் சொல்லி, பிறகு கிளையன்டை ஓட்டுவது. நினைவகப் பரிசோதனைகள் இயக்கப்பட்ட, வேகம் குறைந்த கெர்னலில் அந்த ஒரு விநாடி போதாது. வேகமான கணினியில் அது வீண். உறங்குவதற்குப் பதிலாக, அந்த போர்ட் கேட்கும் நிலைக்கு வந்துவிட்டதா என்று சுற்றிச் சுற்றிப் பார்த்து, வந்தவுடன் தொடருங்கள், வராவிட்டால் ஓர் உச்ச எல்லையில் தோல்வி அறிவியுங்கள். டிசிபிடம்ப்பைத் தொடங்கிய கையோடு பாக்கெட் அனுப்புவதும் இதே வகைத் தவறுதான்; அது கேட்கத் தொடங்குவதற்கு முன்பே பாக்கெட் கடந்துவிடும்.

அடுத்தது ஐபிவி6. ஒரு முகவரியை இட்டவுடன், வேறு யாரேனும் அதை வைத்திருக்கிறார்களா என்று கெர்னல் விசாரிக்கிறது. அந்த விசாரணை முடிய ஒன்றிரண்டு விநாடிகள் ஆகும், அதுவரை அந்த முகவரியில் பைண்ட் செய்ய முடியாது. நேம்ஸ்பேஸ்களில் போட்டியாளர் யாருமில்லை என்பதால், முகவரியை இடும்போதே விசாரணை வேண்டாம் என்று குறிப்பிட்டுவிடுங்கள். விசாரணையையே சோதிப்பதாக இருந்தாலொழிய இதைத் தவிர்க்க ஒரு காரணமும் இல்லை.

மூன்றாவது, தற்செயலான இழப்பு. இழப்பையும் தாமதத்தையும் செயற்கையாக உண்டாக்கும் நெட்எம் கொண்டு 10 விழுக்காடு பாக்கெட்டுகளைத் தொலைக்கச் சொல்லிவிட்டு, 20 பாக்கெட் அனுப்பி, இழப்பு ஏற்பட்டிருக்கும் என்று நம்பி மறு அனுப்புதலைச் சோதிக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: இருபதில் ஒன்றுகூடத் தொலையாமல் போவதற்கான வாய்ப்பு 12 விழுக்காட்டுக்குச் சற்றே அதிகம். அதாவது, ஏறத்தாழ எட்டு ஓட்டங்களில் ஒன்று எதையும் சோதிக்காமலே முடிகிறது. எந்தப் பாக்கெட் தொலைய வேண்டுமோ அதை மட்டும் என்எஃப்டேபிள்ஸ் ஃபயர்வால் விதியாலோ, கெர்னலுக்குள் ஏற்றி ஓட்டும் சிறிய இபிபிஎஃப் நிரலாலோ குறிபார்த்துத் தள்ளுங்கள். நெட்எம் நீண்ட நேர உழைப்புச் சோதனைக்கு நல்லது. ஒரு குறிப்பிட்ட நடத்தையை நிரூபிக்க அது ஏற்றதன்று.

கணினியே மெதுவானது என்றால் அதையும் சொல்ல வழி இருக்கிறது. கேஎஸ்எஃப்டி_மெஷின்_ஸ்லோ என்ற சூழல் மாறியைப் பார்த்து, நேர அளவு சார்ந்த ஒப்பீடுகளை மட்டும் தளர்த்திக்கொள்ளலாம். நடத்தை சார்ந்த ஒப்பீடுகளை ஒருபோதும் தளர்த்தாதீர்கள்.

எல்லாச் சோதனைகளும் பச்சையாக வந்தால் நிரல் சரி என்று கொள்ளலாமா?

அந்தப் பச்சை எப்போது சிவப்பாகும் என்று உங்களுக்குக் காட்டத் தெரிந்தால் மட்டுமே கொள்ளலாம். இந்தப் பக்கத்தில் நான் மிகவும் வற்புறுத்த விரும்புவது இதைத்தான். ஒரு பிழையைத் திருத்தி, அதற்கொரு சோதனையும் எழுதினால், திருத்தத்தை அகற்றிவிட்டு முதலில் அந்தச் சோதனையை ஓட்டுங்கள். அது தோற்க வேண்டும். அதுவும் நீங்கள் நினைத்த இடத்தில், நினைத்த காரணத்தால் தோற்க வேண்டும். வேறொரு வரியில் தோற்றால், நீங்கள் சோதிப்பதாக நினைத்ததைச் சோதிக்கவில்லை என்று பொருள்.

எதிர்மறைச் சோதனைகளில் இது இன்னும் கூர்மையாகப் பொருந்தும். ஆலங்குளத்தில் ஃபயர்வால் விதி ஒன்றை இட்டு, நெல்லையிலிருந்து அனுப்பும் பிங் தென்காசியை எட்டவில்லை என்பதைச் சோதிக்கிறீர்கள் என்று கொள்வோம். பிங் எட்டவில்லை, சோதனை தேர்ச்சி. ஆனால் தென்காசிக்கு ரவுட்டே எழுதாமல் விட்டிருந்தாலும், இன்டர்ஃபேஸ் கீழிறங்கிக் கிடந்தாலும், பிங் எட்டத்தான் போவதில்லை. ஆகவே, விதியை இடுவதற்கு முன்பு எட்டுகிறது, இட்டபின் எட்டவில்லை, எடுத்தபின் மீண்டும் எட்டுகிறது என்று மூன்றையும் பாருங்கள். கூடவே அந்த விதியின் எண்ணி (கவுண்டர்) உயர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

‘ஸ்கிப்’ என்று வரும் முடிவைத் தேர்ச்சியாக எண்ணலாமா?

எண்ணக் கூடாது. கெர்னலின் சோதனைத் தொகுப்பில் 0 என்ற வெளியேற்ற எண் தேர்ச்சி, 1 தோல்வி, 4 தவிர்ப்பு. தேவையான கருவி இல்லை, கெர்னல் அமைப்பில் அந்த வசதி இயக்கப்படவில்லை என்றால் சோதனை 4 தந்து ஒதுங்கிக்கொள்ளும். அது நேர்மையான நடத்தை. ஆனால் கெர்னலைக் கட்டும்போது ஒரு கான்ஃபிக் வரி விடுபட்டுப் போனால், நேற்று வரை ஓடிய சோதனை இன்று சத்தமில்லாமல் ஒதுங்கிவிடும், மொத்த முடிவில் தோல்வி பூஜ்யம் என்றே வரும். சோதனை அடைவுகளில் (டைரக்டரிகளில்) ‘கான்ஃபிக்’ என்ற கோப்பு வைக்கப்பட்டிருப்பது இதற்காகத்தான். புதிய வசதியைப் பயன்படுத்தும் சோதனை எழுதினால், அந்தக் கோப்பிலும் வரியைச் சேருங்கள்.

சிஸ்காலர் போன்ற கருவி தானாகவே பிழைகளைக் கண்டுபிடிக்கிறதே, கையால் ஏன் எழுத வேண்டும்?

சிஸ்காலர் தற்செயலான சிஸ்டம் கால்களைப் பொழிந்து கெர்னலை உடைக்கிறது. நெட்வொர்க் பகுதியில் அது வெளிக்கொணர்ந்த நினைவகப் பிழைகள் ஏராளம். ஆனால் தவறான இன்டர்ஃபேஸ் வழியாக அமைதியாகப் பாக்கெட்டை அனுப்பும் கெர்னல் உடைவதில்லை, ஆகவே சிஸ்காலர் அதைக் கண்டுகொள்வதில்லை. எது சரியான நடத்தை என்பதை மனிதர்தான் எழுதிவைக்க வேண்டும். இரண்டையும் இணைக்கும் நல்ல வழி ஒன்று உண்டு: நினைவகத் தவறுகளைப் பிடிக்கும் காசன், பூட்டுகளின் தவறுகளைப் பிடிக்கும் லாக்டெப், விடுவிக்காத நினைவகத்தைக் காட்டும் கேமெம்லீக் ஆகியவற்றை இயக்கிய கெர்னலில் உங்கள் செயல்பாட்டுச் சோதனையை ஓட்டி, முடிவில் கெர்னலின் டிமெசேஜ் பதிவையும் பாருங்கள். சோதனை வென்றிருக்கும்போதே, விடுவிக்கப்பட்ட நினைவகத்தை நிரல் தொட்டதாக அங்கே ஓர் எச்சரிக்கை கிடக்கலாம்.

வேகத்தை அளப்பதும் இதில் சேருமா?

சேராது. வேகம் அளக்கும் ஐபெர்ஃப்3 தரும் எண்ணைத் தேர்ச்சி எல்லையாக வைத்தால், மடிக்கணினி சூடேறும் நாளெல்லாம் உங்கள் சோதனை தோற்கும்.

பழைய பதிப்பில் வென்ற சோதனை புதிய பதிப்பில் தோற்கிறது. எந்த மாற்றம் காரணம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கிட் பைசெக்ட் கொண்டு. இரண்டு அடுத்தடுத்த பதிப்புகளுக்கு இடையே பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாற்றங்கள் இருந்தாலும், ஒவ்வொரு படியிலும் பாதியாக்கிப் பாதியாக்கித் தேடுவதால் பதினான்கு படிகள் அளவில் விடை வந்துவிடும். உங்கள் சோதனையையே அதனிடம் கொடுத்துத் தானாக ஓடவிடலாம். கெர்னல் கட்டப்படாமல் போகும் படிகளில் 125 என்ற எண்ணைத் திருப்பினால் அந்த மாற்றத்தைத் தாண்டிச் செல்லும். சோதனை தரும் 4 என்ற தவிர்ப்பு எண்ணையும் 125 ஆக மாற்றிக் கொடுங்கள். இல்லாவிட்டால் பைசெக்ட் அதைத் தோல்வியாக எண்ணி, சம்பந்தமில்லாத ஒருவரின் மாற்றத்தைக் கைகாட்டும்.

நம் ஊர் நிலவரத்துக்கு இரண்டு குறிப்புகள். பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படும் நாளில் பைசெக்ட் பாதியில் நின்றாலும், அது எங்கே நின்றது என்பது கிட் அடைவிலேயே எழுதப்பட்டிருக்கும், கணினி எழுந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மொபைல் டேட்டாவை மிச்சப்படுத்த ஆழம் குறைத்து எடுத்த நகலில் பழைய வரலாறு இருக்காது என்பதால் பைசெக்ட் நடக்காது. படிப்பதற்கு அந்த நகல் போதும், தேடுவதற்கு முழு வரலாறும் வேண்டும். நண்பர்களில் ஒருவர் கல்லூரி இணைப்பில் முழுமையாக இறக்கி, மற்றவர்கள் பென்டிரைவில் வாங்கிக்கொள்வது நடைமுறைக்கு ஏற்றது.

லினக்ஸுக்கு வெளியே நிலைமை எப்படி?

ஃப்ரீபிஎஸ்டி தன் சோதனைகளைக் க்யூவா என்ற கருவியால் ஓட்டுகிறது. நேம்ஸ்பேஸுக்குப் பதில் விநெட் ஜெயிலும், வீத்துக்குப் பதில் இபேர் சாதனமும் அங்கே உண்டு. நெட்பிஎஸ்டி, ரம்ப் என்ற முறையில் கெர்னலின் நெட்வொர்க் பகுதியைச் சாதாரண நிரலாகவே ஓட்டிச் சோதிக்கிறது, அதனால் நிரல் உடைந்தாலும் கணினி விழுவதில்லை.

சோதனையை எழுதிவிட்டேன். கெர்னலில் சேர்க்க என்ன செய்ய வேண்டும்?

பிழைத் திருத்தத்தோடு வரும் சோதனை ‘நெட்’ மரத்துக்கும், புதிய வசதிக்கான சோதனை ‘நெட்-நெக்ஸ்ட்’ மரத்துக்கும் போகும். புதிய பதிப்புக்கான மாற்றங்கள் சேர்க்கப்படும் மெர்ஜ் விண்டோ திறந்திருக்கும் இரண்டு வாரங்களில் நெட்-நெக்ஸ்ட் மூடியிருக்கும். அப்போது அனுப்பாமல் காத்திருங்கள். ஒரே தொடரில் திருத்தத்தை முதல் பேட்ச்சாகவும் சோதனையை அடுத்த பேட்ச்சாகவும் வையுங்கள். மாற்றி வைத்தால், இடையில் பைசெக்ட் செய்யும் ஒருவருக்குத் தேவையில்லாத தோல்வி கிடைக்கும். நெட்டெவ் அஞ்சல் பட்டியலுக்கு நீங்கள் அனுப்பியதை நிபா என்ற தானியங்கி அமைப்பு எடுத்துக் கட்டி, சோதனைகளையும் ஓட்டும். அதற்காக வெவ்வேறு வடிவங்களில் திரும்பத் திரும்ப அனுப்பி அந்த அமைப்பைச் சோதனைக்கூடமாகப் பயன்படுத்தாதீர்கள்; உங்கள் கணினியில் முழுமையாக ஓட்டிப் பார்த்த பிறகே அனுப்ப வேண்டும்.

எந்தச் சோதனையைப் படித்துத் தொடங்குவது?

கெர்னல் மரத்தில் டூல்ஸ், டெஸ்டிங், செல்ஃப்டெஸ்ட்ஸ், நெட் என்று இறங்குங்கள். முதலில் லிப் என்ற பொதுக் கோப்பைப் படியுங்கள். காத்திருக்கும் முறையும் நேம்ஸ்பேஸ் உருவாக்கும் முறையும் அங்கே இருக்கின்றன. பிறகு பிஎம்டியு சோதனை. அதன் தொடக்கத்தில் வடிவமைப்பு எழுத்துகளாலேயே வரைந்து விளக்கப்பட்டிருக்கும். அதன் சுருக்கத்தை உங்கள் மூன்று நேம்ஸ்பேஸ்களில் நீங்களே எழுதுங்கள்: ஆலங்குளத்திலிருந்து தென்காசி செல்லும் இணைப்பின் எம்டியுவை 1400 ஆக்கி, நெல்லையிலிருந்து துண்டாக்கக் கூடாது என்ற குறியோடு 1500 பைட் பாக்கெட்டை அனுப்புங்கள், வகை 3, குறியீடு 4 கொண்ட ஐசிஎம்பி செய்தி திரும்பி வர வேண்டும், நெல்லையின் ரவுட் விவரத்தில் எம்டியு 1400 என்று பதிய வேண்டும். அந்தப் பதிவு இயல்பாக 600 விநாடி நிலைத்திருக்கும் என்பதால், அடுத்த ஓட்டத்துக்கு முன் நேம்ஸ்பேஸ்களை அழித்துப் புதிதாக உருவாக்குங்கள். அது வென்றதும் ஆலங்குளத்தின் வெளிச்செல்லும் ஐசிஎம்பியை ஃபயர்வாலில் தடுத்து, அதே சோதனை தோற்கிறதா என்று பாருங்கள்.